இன்னாவுலக நாவலும் பள்ளியறையும்

தாம் வாழும் உலகினுஞ் சிறந்த ஓர் உலகைக் கற்பனையிற் படைத்து மகிழ்தல் எல்லா நாட்டுப் புலவர்க்கும் பொதுவான இயல்பாகும். ஆங்கிலேய அறிஞர் தோமஸ் மோர் 1516ஆம் ஆண்டில் வெளியிட்ட 'யூற்றோப்பியா' என்னும் நூல் அத்தகைய கற்பனைக்கு ஒரு பெயரையே வழங்கிற்று. அதற்கு மறுதலையாக, இன்றுள்ள தீமைகள் கட்டின்றி வளர்ந்தால் நாளை உலகம் எவ்வாறு இருக்கும் என்று அஞ்சி எழுதப்பட்ட கதைகள் பிற்காலத்தில் எழுந்தன. அவ்வுலகை மேனாட்டார் 'டிஸ்டோப்பியா' என்பர். ஜோன் ஸ்ருவார்ட் மில் 1868ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அயர்லாந்து பற்றிப் பேசியபோது இச்சொல்லின் ஒரு வடிவத்தை ஆண்டுள்ளார். தமிழில் அதனை 'இன்னாவுலகம்' என வழங்குதல் பொருந்தும். இன்னா என்பது துன்பம். சங்கச் சான்றோர்க்கும் பழகிய சொல்.

இன்னாவுலக நாவல்களை அரசியல் நூல்களாகக் கொண்டு ஆராய்வாரே பலர். அந்நூல்களின் வரலாற்றைச் சிறிது கூர்ந்து நோக்குவார்க்கு மற்றோர் உண்மையும் புலப்படும். அவை பள்ளியறையோடு பிரியாத் தொடர்புடையன. அவற்றை இயற்றியோருட் பலர் ஆசிரியத் தொழில் பார்த்தவர். அவற்றின் கதைமாந்தர் செய்யும் முதற் குற்றம் பெரும்பாலும் வாசித்தல், அல்லது ஒரு குறிப்பேட்டைத் திறந்து எழுதுதல். அவற்றைப் பரப்பியதும் பாழாக்கியதும் பள்ளிக்கூடங்களே. எனவே இவற்றை மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறை பற்றிய ஆராய்ச்சி, நூல்களின் வரலாற்றிலிருந்தே தொடங்கத்தக்கது.

இவ்வகை நாவலுக்கு முன்னோடியான 'நாம்' என்னும் நூலை உருசிய எழுத்தாளர் சமியாற்றின் 1920, 1921ஆம் ஆண்டுகளில் எழுதினார். அவர் தொழிலாற் கப்பற் பொறியியலாளர். பனிக்கட்டியை உடைத்துச் செல்லும் கப்பல்கள் உருசியாவுக்காக இங்கிலாந்திற் கட்டப்பட்டபோது, 1916, 1917ஆம் ஆண்டுகளில் அங்கிருந்து மேற்பார்வை செய்தவர். புரட்சியின் பின் பெற்றோகிராட் நகரில் பசியுங் குளிருங் கொடுமை செய்த காலத்தில், கலைமனை எனப்பட்ட நிலையத்தில் இளைஞர்க்கு உரைநடை எழுதும் முறையைக் கற்பித்தார். சொல்லை எவ்வாறு தெரிவது, வாக்கியத்தின் ஓசையை எவ்வாறு அறிவது என்பன அவர் பாடங்களாயிருந்தன. அவ்வகுப்புகளிற் பயின்றோர் சிலர் 'செரபியன் சகோதரர்' என்னும் எழுத்தாளர் குழுவில் இடம்பெற்றனர். பகலில் மாணவர்க்கு, ஒவ்வொருவரும் தத்தம் குரலில் எழுதுக என்று கற்பித்தவர், மனிதர் பெயரிழந்து எண்களாகிவிட்ட நாட்டின் கதையைத் தம் மேசையிலே எழுதிக்கொண்டிருந்தார் என்பது கருதத்தக்கது. அந்நாவலின் நாயகனும் ஓர் எண்ணே. அவன் எழுதிவைக்கும் 40 பதிவுகளே நூல் முழுவதும். நூல் 1924ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆசிரியர் 1937ஆம் ஆண்டில் பாரிசில் இறந்தார். தாய்நாட்டில் அது அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இங்கிலாந்திலும் நிலைமை இதுவே. 1917, 1918ஆம் ஆண்டுகளில் ஈற்றன் கல்லூரியிற் கண்பார்வை குன்றிய இளம் ஆசிரியர் ஒருவர் கற்பித்தார். வகுப்பை அடக்கியாள அவரால் இயலவில்லை. அவர் 1932இல் 'அஞ்சத்தகு புத்துலகு' என்று பெயர்க்கத்தக்க நாவலை எழுதிய அல்டஸ் ஹக்ஸ்லி. அவரிடம் பிரெஞ்சு மொழி கற்ற மாணவருள் எறிக் பிளேயர் என்பவரும் ஒருவர். பின்னாளில் ஜோர்ஜ் ஓர்வெல் என்னும் புனைபெயராற் புகழ்பெற்றவர். 1949இல் ஓர்வெலின் '1984' வெளிவந்தபோது, பழைய ஆசிரியர் பழைய மாணவருக்குக் கடிதம் எழுதி, வருங்கால அதிகாரிகள் உதைத்து ஆள்வதினும் மயக்கி ஆள்வதையே விரும்புவர் என்று தம் கருத்தை வற்புறுத்தினார். ஆசிரியர் மாணவர்க்குத் திருத்தம் எழுதும் வழக்கம் எளிதில் விடாது போலும்.

ஓர்வெலும் ஆசிரியத் தொழில் பார்த்தவரே. இந்தியாவின் மோதிகாரியில் 1903ஆம் ஆண்டிற் பிறந்து, பர்மாவிற் பொலிஸ் உத்தியோகம் பார்த்து விலகியபின், 1932இல் இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஹேய்ஸ் என்னும் ஊரிற் சிறியதொரு தனியார் பள்ளியிற் கற்பித்தார். அவ்வனுபவத்தின் சாயல் 1935இல் அவர் வெளியிட்ட 'குருவானவர் மகள்' என்னும் நாவலிற் காணப்படும். டொறொத்தி என்னும் பெண், மனனமும் கையெழுத்துமே கல்வியாயிருந்த ஒரு பள்ளியிற் புகுந்து, சிறுமியரைக் கொண்டே வரைபடஞ் செய்வித்து, சேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தை ஆளுக்கொரு பாகமாக வாசிப்பிக்கின்றாள். சிறுமியர் கண்களில் ஒளி பிறக்கின்றது. நாடகத்தில் வரும் ஒரு சொல்லின் பொருளைப் பிள்ளைகள் வீட்டிற் கேட்டுவிட, பெற்றோர் திரண்டு வந்து முறையிடுகின்றனர். நாடகம் நின்றது, கையெழுத்துப் பயிற்சி மீண்டது. '1984' நாவலுக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே ஓர்வெல் கண்ட இன்னாவுலகம் இதுதான் என்று கூறினால் அது மிகையாகாது. அங்கே உளவுப்படை இல்லை. கட்டணஞ் செலுத்தும் பெற்றோரும் அவர்க்கு அஞ்சும் தலைமையாசிரியையுமே உளர்.

1941 முதல் 1943 வரை ஓர்வெல் பி.பி.சி. நிலையத்தின் கீழைத்தேயப் பிரிவிற் பணிபுரிந்தார். கேட்போரிற் சிறப்பாகக் கருதப்பட்டவர் இந்திய மாணாக்கர். அவர் நடத்திய 'குரல்' என்னும் இலக்கிய நிகழ்ச்சியில் 1942இற் பங்குபற்றியோருள், யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவரும் 'பொயற்றி லண்டன்' இதழின் ஆசிரியருமான தம்பிமுத்துவும் ஒருவர். ரி. எஸ். எலியட், முல்க் ராஜ் ஆனந்த் முதலியோரோடு அவர் அமர்ந்திருக்கும் படம் பல நூல்களில் வெளிவந்துள்ளது. அவ்வாண்டு ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் ஓர்வெல் ஒரு புதுமையான முயற்சி செய்தார். விமானக் குண்டுவீச்சின் நடுவே தொடங்கும் ஒரு கதையின் முதற் பகுதியைத் தாம் எழுதி ஒலிபரப்பி, மேற்கதையை எல். ஏ. ஜி. ஸ்றோங், இனெஸ் ஹோல்டன், மார்ட்டின் ஆம்ஸ்றோங் ஆகியோர் வாரத்துக்கொருவராகத் தொடர, ஈ. எம். போஸ்ரர் முடித்துவைக்குமாறு அமைத்தார். கதை பெரிய இலக்கியமாக அமையவில்லை. ஆனால் ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடரும் எழுத்துப்பயிற்சி இன்று வகுப்பறைகளிற் பரவலாகக் கையாளப்படுவது. அதனை ஓர்வெலே பத்திரிகைக் காகிதமும் கிடைக்காத போர்க்காலத்தில் வானொலியிற் செய்து காட்டியுள்ளார்.

பள்ளித் தொடர்பு மிக வெளிப்படையாகத் தெரிவது வில்லியம் கோல்டிங்கிடத்தே. சோல்ஸ்பரி நகரின் பிஷப் வேர்ட்ஸ்வேர்த் பள்ளியில் 1961 வரை ஆசிரியராயிருந்த அவர், 1954இல் வெளிவந்த 'ஈக்களின் தலைவன்' நாவலைப் பள்ளிக் குறிப்பேடுகளிலேயே எழுதினார். மாணவர்க்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, அவர்கள் எழுதும் வேளையில் தாமும் எழுதினார். தனித்தீவில் விடப்பட்ட சிறுவர் தம்முள் ஒருவரையொருவர் வேட்டையாடும் அக்கதையின் மாந்தர் எங்கிருந்து வந்தனர் என்பதற்கு அவருடைய வகுப்பின் முதல் வாங்கையே சான்றாகலாம். அவருக்கு 1983இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இனி, இந்நூல்கள் பள்ளியிற் பட்ட பாடு நோக்கத்தக்கது. 1945இல் வெளிவந்த 'விலங்குப் பண்ணை' அளவிற் சிறியது, நடை எளியது, ஆகவே பாடநூலாதற்குப் பொருத்தமானது. இரண்டாம் உலகப்போரின் பின் எழுந்த பனிப்போரில் அரசாங்கங்கள் அதனைக் கையிலெடுத்தன. பிரித்தானிய வெளிநாட்டமைச்சின் தகவல் ஆராய்ச்சிப் பிரிவு அதன் மொழிபெயர்ப்புகளுக்கு உதவியதோடு, படக்கதையாக்கியும் பல நாடுகளிற் பரப்பிற்று. 1954ஆம் ஆண்டின் சித்திரத் திரைப்படத்துக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சீ. ஐ. ஏ. மறைமுகமாகப் பணம் அளித்தது பின்னர் வெளிப்பட்டது. நாவலின் இறுதியிற் பன்றிகளையும் மனிதரையும் வேறுபிரித்தறிய இயலாது மற்றைய விலங்குகள் திகைத்து நிற்கும். படத்திலோ அவை மீண்டும் கிளர்ந்தெழுந்து பன்றிகளை வீழ்த்தும். மனிதரும் பன்றிகளும் ஒன்றே என்னும் முடிவு படமெடுக்கப் பணங் கொடுத்தோர்க்கு உவப்பாயிராது அன்றோ? இதனையொட்டி, இன்ன பன்றி இன்ன தலைவர், இன்ன குதிரை இன்ன வகுப்பார் என ஒரு விடைத்தாளாக அந்நூலைக் கற்பிக்கும் முறையும் பல நாடுகளில் நிலைபெற்றது. எல்லா விலங்குகளும் ஒரே வாசகத்தை ஒருங்கு கூவுதலின் கொடுமையைச் சொல்லவந்த கதையை, நாற்பது மாணவர் ஒரே விடையை ஒருங்கு எழுதுதற்குப் பயன்படுத்தினர். க. நா. சுப்ரமண்யம் இக்கதையைத் தமிழாக்கியுள்ளார். தமிழிற் கற்பிக்கும்போதும் இவ்விடர் நேராது என்பதற்கு உறுதியில்லை.

இதனினும் வியப்பான வரலாறு ஒன்றுண்டு. புத்தகங்களைக் கண்டவிடத்து எரிப்பதே தீயணைப்புப் படையின் தொழிலாகிவிட்ட நாட்டைப் பற்றி, றே பிராட்பரி 1953இல் 'பரனைற் 451' என்னும் நாவலை வெளியிட்டார். கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், அரை மணித்தியாலத்துக்குப் பத்துச் சதம் வீதம் வாடகை செலுத்திய தட்டச்சுப் பொறியில் அதன் முதல் வரைவு உருவாயிற்று. 1967இல் வெளியீட்டாளர் உயர்தரப் பள்ளிகளுக்கென ஒரு பதிப்பைத் தனியே வெளியிட்டனர். அதில் எழுபத்தைந்து இடங்களிற் சொற்களும் பகுதிகளும் மாற்றப்பட்டிருந்தன. வசைச்சொற்கள் நீங்கின, குடிகாரன் ஒருவன் நோயாளி ஆனான். மாற்றம் செய்யப்பட்டது என்ற குறிப்பு நூலில் எங்குமில்லை, ஆசிரியருக்கும் அறிவிக்கவில்லை. 1973 முதல் ஆறாண்டுகள் கடைகளிலும் அப்பள்ளிப் பதிப்பே விற்கப்பட்டது. 1979இல் இச்செய்தி மாணவர் வாயிலாகப் பிராட்பரியை எட்டிற்று. அவர் கடிந்துரைத்தபின் மூலம் மீண்டும் அச்சேறிற்று. நூலை எரிப்பதைக் கண்டித்த நூல், பிள்ளைகளின் நன்மை கருதி என்ற பெயராற் சத்தமின்றிச் சிதைக்கப்பட்டதையும், அதனைக் கண்டு சொன்னவர் பள்ளி மாணவர் என்பதையும், இந்நாவலைக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் வகுப்பிற் கூறுதல் வேண்டும்.

இலங்கைத் தமிழருக்கு இந்நாவல் கற்பனையளவில் நிற்பதன்று. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. பிராட்பரி எழுதி இருபத்தெட்டாண்டுகள் கழிந்திருந்தன. யாழ்ப்பாணத்து வகுப்பில் அந்நாவலை வாசிப்போர் எரிந்த நூல்களின் பெயர்களைப் பெரியோரிடங் கேட்டெழுதிவரப் பணிக்கப்படலாம்; அவ்வொரு பயிற்சி பத்துக் கேள்விவிடைகளுக்கு மேலானது.

கீழ்க்கரையில் இந்நாவலுக்கு வேறொரு வாயில் உண்டு. அம்பாறை மாவட்டத்துப் பாலமுனை, ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடைப்பட்ட முஸ்லிம் ஊர். ஒருபுறம் 1995இல் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம். மறுபுறம் ஆசிரியரைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரி. இக்கரையூர்களிற் சிறுவர் திருக்குர்ஆன் முழுவதையும் மனனஞ்செய்து ஹாபிஸ் ஆவது பெருஞ்சிறப்பாகப் போற்றப்படும். பிராட்பரியின் நாவலிறுதியில், நூல்களெல்லாம் எரிந்தபின் காட்டிலே வாழும் மனிதர் ஆளுக்கொரு நூலை நெஞ்சில் எழுதி, தாமே அந்நூலாகி உலாவுவர். அமெரிக்க மாணவன் இதனை விந்தைக் கற்பனையென்று வியப்பான். பாலமுனை மாணவனோ தன் வகுப்புத் தோழனைத் திரும்பிப் பார்ப்பான். மனனம் வேறு, பொருளறியாது ஒப்பித்தல் வேறு என்னும் நுண்மையை விளக்குதற்கு இதனினும் நல்ல இடம் கிடைப்பதரிது. காக்கும் மனனமும் உண்டு. கருத்தை அடக்கும் மனனமும் உண்டு. நாவலின் மாந்தர் முன்னதைச் செய்வர். வினாவிடைத் தொகுப்புகளை நெட்டுருச் செய்வோர் பின்னதைச் செய்வர்.

கூடியிருந்து வாசித்தலும் இந்நாட்டுத் தமிழர்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கந்தபுராணத்தை ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்வர். முஸ்லிம் ஊர்களிற் சீறாப்புராணமும் கிஸ்ஸாக்களும் இசையோடு படிக்கப்பட்டன. படிப்பவர் வேறு, பொருள் கூறுபவர் வேறு என்னும் இவ்வமைப்பு வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது. நூலின் பிரதி ஒன்றேயுள்ள பள்ளியிலும் ஒரு மாணவர் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்க, அடுத்தவர் அதன் பயனைத் தம் சொல்லிற் கூற, மூன்றாமவர் மறுக்கலாம். மறுப்பவர்க்கு இடமளித்தல் பழைய படனத்தில் அருகியே காணப்படும். கீழ்க்கரைக் கவிகளிலோ ஒருவர் பாட மற்றவர் எதிர்க்கவி பாடுதல் இயல்பு. இரண்டும் சேர்ந்தால் நாவல் வகுப்பு உருவாகிவிடும்.

மேனாட்டு நூலைத் தமிழிலக்கணக் கண்கொண்டு நோக்கலாமா என்று ஐயுறுவாரும் உளர். காரைதீவில் தோன்றிய சுவாமி விபுலாநந்தர் 1926இல் 'மதங்க சூளாமணி'யிற் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடகவியல் நெறியில் ஆராய்ந்து இதற்கு வழிகாட்டியுள்ளார். அவருடைய நட்பைப் பெற்ற ஏ. எம். ஏ. அஸீஸ், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் பழைய மாணவர். 1942இற் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக வந்து, அங்கு முஸ்லிம் கல்விச் சங்கத்தை நிறுவியவர். தம்பிமுத்து இலண்டனில் ஓர்வெலின் ஒலிவாங்கியின் முன் அமர்ந்த அதே ஆண்டு அது. இவ்விருவர் காட்டிய நெறியிலே '1984' நாவலின் 'புதுமொழி'யை நன்னூலாரின் தகுதி வழக்கோடு ஒப்பிட்டுக் கற்பித்தல் மிக்க பயன் தரும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றும் ஒரு சொல்லுக்குரிய இடத்தில் மற்றொரு சொல்லை வைத்தலே. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். கீழ்க்கரை வேளாளர் சூடடிக்குங் களத்தில் நெல்லைப் பொலி என்பதும் இவ்வினத்தது. ஓர்வெலின் நாட்டில் வதைக்கூடத்துக்கு அன்பு அமைச்சு என்று பெயர். இதுவும் மங்கலந்தானே என மாணவர் வினவுவர், வினவவேண்டும். களத்துச் சொல்லை மக்களே ஆக்கினர், பழஞ்சொல்லும் அழியவில்லை, வீட்டுக்கு வந்ததும் பொலி நெல்லாகிவிடும். புதுமொழியிலோ பழஞ்சொல் அகராதியிலிருந்தே நீக்கப்படும். வேறுபாடு இங்கே உளது. இதனை விரிவுரையாற் கூறுவதினும் எழுத்துப்பயிற்சியாற் காட்டுதல் எளிது. வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா என்னும் சொற்களை அகராதிக் குழு நீக்கிவிட்டது. இனி 'முதியவர்', 'மூத்தவர்' என்பனவே உள. இவற்றைக் கொண்டு வீட்டுக்கொரு கடிதம் எழுதுக என்று பணித்தால், பதினைந்து நிமிடத்திற் பாடம் முடிந்துவிடும். எழுத முற்பட்டவர்க்கு எது இழந்துபோயிற்று என்பது கைவழியே விளங்கும்.

இன்னாவுலகம் மட்டும் கற்பித்து மாணவரைச் சோர்வடையச் செய்தலாகாது என்பாரும் உளர். அவர் கூற்று முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. அவர்க்கு வங்கத்து முஸ்லிம் பெண்மணி றொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்த்தானாவின் கனவு' உதவும். அது 1905இற் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மகசீன்' என்னும் ஆங்கில இதழில் அச்சாயிற்று. ஆடவர் வீட்டினுள் அடைபட்டிருக்க, பெண்டிர் கதிரவன் வெப்பத்தாற் சமைத்தும், விஞ்ஞானத்தால் பகைவரை வென்றும் ஆளும் நாடு அதில் வரும். பெண்களுக்கு நல்லுலகம், ஆண்களுக்கு இன்னாவுலகம். ஒரே கதை வாசிப்பவர் இருக்கும் பக்கத்துக்கேற்ப இரண்டாவதை ஆண்களும் பெண்களும் கலந்து பயிலும் வகுப்பிற் காணலாம். அதனை எழுதியவரும் ஆசிரியரே. கணவர் இறந்தபின் 1909இற் பகல்பூரிலும், 1911இற் கல்கத்தாவிலும் முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர் அவர். நம் நாட்டிலும் 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதிய அறிஞர் சித்திலெவ்வை பள்ளிகள் நிறுவுதற்கே வாழ்நாளைச் செலவிட்டவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

வகுப்பிற் செய்யத்தக்க பயிற்சிகளுள் இரண்டு, மேற்கூறிய வரலாற்றிலிருந்தே பெறப்படுவன. ஒன்று, 1967ஆம் ஆண்டுப் பள்ளிப் பதிப்பின் வழிவந்தது. ஆசிரியர் நாவலின் ஒரு பக்கத்தை இருவகையாகப் படியெடுத்து, ஒன்றில் மட்டும் நாலைந்து சொற்களை மாற்றி, எதுவுங் கூறாது வகுப்பிற் பாதிப்பேர்க்கு ஒன்றும் மறுபாதிக்கு மற்றொன்றுமாகக் கொடுத்து வாசிப்பித்தல் வேண்டும். ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் தம் தாளைப் பார்த்திருக்கையில், எங்கோ ஓரிடத்தில் ஒரு கை உயரும். எந்தச் சொல் மாறிற்று, யார் மாற்றியிருப்பர், எதற்காக என்பன பின்னர் எழுதப்படும். கை உயராத வகுப்பும் உண்டு. அங்கு அதே தாள்களை மறுவாரம் மீண்டும் கொடுத்துப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை.

மற்றது பிராட்பரியின் காட்டுமனிதரிடமிருந்து பெறப்படுவது. நாவலின் இறுதி அத்தியாயத்தை முப்பது பகுதியாக்கி, ஒருவர்க்கொரு பகுதியென நெட்டுருச் செய்வித்து, நூலை மூடிவைத்துவிட்டு வரிசையாகச் சொல்வித்தல். சொல்லிமுடித்ததும் ஒவ்வொருவரும் தமக்கு முன் சொன்னவருடைய பகுதியைத் தம் நினைவிலிருந்து எழுதல் வேண்டும், தம்முடையதை எழுதலாகாது. இரு பாடவேளை இதற்குப் போதும். மழைக்காலத்தில் வயற்பாதையில் நீர் நிறைந்து சிலர் பள்ளிக்கு வராதிருப்பர். அவர்களுடைய பகுதிகள் அன்று கதையில் இல்லை. அவர்கள் வந்து சொல்லும்வரை அவ்விடங்களை வெறுந்தாளாக விட்டுவைத்தல் வேண்டும்.